வீட்டில் எப்படிச் சொல்வது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பதறுவாய், பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனை எடுத்தால் உங்கப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், எனக்கும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்து கொஞ்சம் கோணினால் அம்மா கையெழுத்தே அப்படித்தான் என்று நீ விட்டுவிடுவாய். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்து முடிக்காமல் யாருக்கும் போன் போடாதே, ஊருக்குக் கிளம்பி வருகிறேன் என்று பையைத் தூக்காதே. பாதி கேட்டதும் ஓடுகிற பிள்ளை நீ, உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா.

ரேடியோவின் கிளப் விஷயம் உனக்குக் கொஞ்சம் தெரியும். தங்கச்சிக்கு நீ வைத்த பெயர் இப்போது பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது, டீச்சரே அப்படித்தான் கூப்பிடுகிறார். மாணவர் வணிகத் தலைமை மன்றம் என்று போர்டில் நீளமாக எழுதியிருக்கிறது, இவர்கள் வாயில் வெறும் கிளப். பள்ளி விட்ட பிறகு வணிகவியல் டீச்சர் பிள்ளைகளை உட்காரவைத்து, கடை போடுவது எப்படி, ஆட்களை நடத்துவது எப்படி, கத்திக்கொண்டு வருகிற வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை போட்டி. பல பிரிவுகள் இருக்கின்றன, இவள் சேர்ந்தது ஆட்களை நிர்வகிக்கும் பிரிவு. ஒரு அட்டையில் ஏதாவது ஒரு சிக்கல் எழுதிக் கையில் கொடுப்பார்கள். பத்து நிமிஷம் யோசிக்கலாம். அப்புறம் நடுவர் எதிரில் வந்து உட்காருவார், அவர்தான் தொழிலாளி, இவள்தான் மேனேஜர். பேசிச் சரிசெய்ய வேண்டும். பேசுவதற்கு மார்க் கொடுக்கிறார்கள் என்றால் நம் வீட்டுப் பெண்ணை யார் ஜெயிக்க முடியும், வட்டார அளவில் முதலாவதாக வந்துவிட்டாள். இறுதிப் போட்டி பக்கத்து ஊரில் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில் என்றார்கள். அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டாள். சாப்பிடும்போது வாயைத் திறக்காமல் மெல்லுகிறாள், கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே கைகொடுத்துக்கொள்கிறாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "உங்க கருத்தை நான் மதிக்கிறேன்"ங்கிறாள். அந்த மனிதர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்.

வீட்டில் பழகுவதற்கு ஒரு தொழிலாளி வேண்டுமே, அது உங்கப்பா. பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றி அனுப்பிவிட்டு வந்து டீ குடித்ததும் சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர். முதலில் அவர் பண்ணிய கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். லேட்டாக வரும் தொழிலாளி என்று அட்டையில் இருந்தால், "மேடம், என் வீட்டுக்காரி எழுப்பவே மாட்டேங்கறா"ன்னு என்னைக் காட்டுவார். சம்பள உயர்வு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிவார். இவள் "அப்பா சீரியஸா பண்ணுங்கப்பா" என்று காலை உதைப்பாள். நான் அடுப்படியில் சிரித்துச் சிரித்துக் குழம்பைப் பொங்கவிட்ட நாளும் உண்டு. டீச்சர் ஒரு நாள் சொல்லியனுப்பினாராம், இறுதிப் போட்டியில் எப்போதும் கஷ்டமான அட்டைதான் வரும், பல வருஷம் உழைத்தவரிடம் உங்களுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லும் அட்டை, அதையே பழகு என்று. அதிலிருந்து தினமும் அதுதான். சாயங்காலம் ஆனால் நம் வீட்டில் உங்கப்பாவுக்கு வேலை போகும்.

ஒரு நாள் அப்பா கூத்து எதுவும் பண்ணவில்லை. இவள் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுவனம் உங்கள் உழைப்பை மிகவும் மதிக்கிறது, ஆனால் உங்கள் பிரிவை மூட வேண்டிய நிலைமை வந்துவிட்டது என்று தண்ணீர் மாதிரி சொல்லிக்கொண்டு போனாள். அவர் மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரிங்க. லாரிக்காரங்களுக்கு யாருங்க சொல்றது? பின்பக்க கேட்டு மழை பெஞ்சா திறக்காது, தூக்கித் தள்ளணும், புதுசா வர்றவங்களுக்கு அது தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்ல பொண்ணு ஒரு போட்டிக்குத் தயாராகிட்டிருக்கு. அது முடியற வரைக்கும் வீட்டுக்குத் தெரிய வேண்டாங்க" என்றார். ரேடியோ கைதட்டினாள். "அப்பா, சூப்பர் நடிப்பு, இன்னிக்குத்தான் ஒழுங்கா பண்ணினீங்க" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கையில் இருந்த தட்டு வழுக்கியது. அவர் பெற்ற பெண்ணிடம் ஒவ்வொரு பேச்சுக்கும் ங்க போட்டுப் பேசினார், கண்ணா. நடிக்கிறவர் அப்படிப் பேசமாட்டார், யாரோ ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்து ஏற்கெனவே பேசிவிட்டு வந்ததைத்தான் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தேன். கண் ஆஸ்பத்திரியில் நான் டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஒருவர் பெயரை இன்னொருவருக்கு எழுதி, கண்ணில் சொட்டு மருந்து விட்டவரைத் திரும்ப வரிசையில் நிற்கவைத்துவிட்டேன். உங்கப்பாவின் சாப்பாட்டுக் கேரியர் பாதி அப்படியே திரும்பி வந்தது. பசியில்லை என்பார். சட்டைக்கு இஸ்திரி மட்டும் முன்னைவிட மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போனார், அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. அப்புறம் மருந்துக் கடை வாசலில் அவர் கம்பெனிக்கு லாரி ஓட்டுகிற டிரைவரைப் பார்த்தேன், அந்த மீசைக்காரர், உனக்கும் தெரியும். நான் வாயே திறக்கவில்லை. "அண்ணனை இனிமே அந்த கேட்டுல பாக்க முடியாதுன்னா எங்களுக்கே என்னவோ போல இருக்குங்க அக்கா. பொட்டியை இங்க செஞ்சுட்டு லோடை வேற ஊர்ல இருந்து அனுப்புவாங்களாம், என்ன கணக்கோ" என்று அவரே சொல்லிவிட்டார். மாசக் கடைசி வரைதான் என்றும் சொன்னார். நான் தெரிந்த மாதிரியே தலையாட்டிவிட்டு, வாங்க வந்த மாத்திரையை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் நான் கேட்கவில்லை. அவர் அந்தப் பெண்ணுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார், நான் அதைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். தினம் சாயங்காலம் அவள் அவரை வேலையிலிருந்து அனுப்புவாள், அவர் சரிங்க என்பார், நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு நாள், வேற அட்டை எடுத்துப் பழகேன் என்றேன். "அம்மா, உனக்கு இதெல்லாம் புரியாது" என்றாள். புரியாமலே இருந்திருக்கலாம்.

போட்டிக்கு மூன்று பேரும் போனோம். அப்பா நாங்கள் கேட்காமலே லீவு போட்டுவிட்டு வந்தார். இனி யாருக்காக லீவை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று என் மனம் உள்ளே சொல்லிற்று. மண்டபம் முழுக்கக் கறுப்புக் கோட்டுப் பிள்ளைகள், எல்லார் சட்டைப் பையிலும் பெயர் அட்டை, முப்பது வயது ஆனவர்கள் மாதிரி நடை. இவள் கோட்டுக் கையை நான்தான் மடித்துத் தைத்திருந்தேன், ஒரு பக்கம் பிரிந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறுதிச் சுற்றுக்குப் பெற்றவர்கள் பின்னால் உட்காரலாம் என்றார்கள். நான் டீச்சரிடம், என்ன அட்டை வந்திருக்கிறது என்று கேட்டேன். "நாம எதிர்பார்த்ததேதாங்க, கவலைப்படாதீங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். வெளியே போய் டீ குடிக்கலாமா என்று உங்கப்பாவைக் கேட்டேன். "பொண்ணு பேசறதை விட்டுட்டா?" என்றார்.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கைகொடுத்தாள், உட்காரச் சொன்னாள், நேராகப் பார்த்துப் பேசினாள். நடுவர் ஒரு வயதான மனிதர், சாம்பல் நிறக் கோட்டு, நல்ல நடிகர். விஷயத்தைக் கேட்டதும் தன் கையைத் தானே பிசைந்துகொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "இதை நான் வீட்ல எப்படி மேடம் சொல்றது?" என்று கேட்டார். இவள் பதில் சொல்ல வாயைத் திறந்தவள், கூட்டத்தில் எங்களைத் தேடுவது மாதிரி ஒரு தரம் பின்னால் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். உங்கப்பா முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். நான் அவர் முதுகில் கை வைத்திருந்தேன், எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். ரேடியோ நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தப் பெண் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கடிகாரம் ஓடுகிறது, டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அவள் மேனேஜர் குரலை விட்டுவிட்டு, நம் வீட்டுக் குரலில், "தனியா போய்ச் சொல்லாதீங்க சார். நானும் கூட வரேன், சேர்ந்தே சொல்லலாம்" என்றாள். பின்வரிசையில் யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. மணி அடித்துவிட்டார்கள்.

பரிசு ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டிய முக்கியமான விஷயங்கள் எதையும் சொல்லவில்லை, நிர்வாகி தொழிலாளி வீட்டுக்கெல்லாம் போக முடியாது என்று மார்க் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சரிதானே, அவர்கள் மேல் தப்பில்லை. வெளியே கார் நிறுத்தும் இடத்தில் வைத்து அவள் அப்பாவிடம், "உங்களுக்கு வேலை போயிடுச்சா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். எனக்கும் தெரியும் என்றேன் நான். அவருக்கு வந்ததே கோபம். யார் சொன்னது, நான் ஒரு காரியத்தை மறைத்து வைத்தால் அதை இரண்டு பேரும் சேர்ந்து வேவு பார்ப்பீர்களா, என்னால் பிள்ளையின் போட்டி போயிற்றே என்று கோட்டுப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். இவளும் சும்மா இல்லை. "கப்பு போச்சு, முகத்தையாவது ஒழுங்கா வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா" என்று ஓவென்று அழுதாள். பெரிய மனுஷி மாதிரி உள்ளே பேசியவள், வெளியே வந்து குழந்தையாகிவிட்டாள். நான் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி தூரம் போனதும் அவர்தான் வாயைத் திறந்தார், கம்பெனி மேனேஜர் பையன் தன்னைவிட வயதில் சின்னவன், சொல்லும்போது பேப்பரையே பார்த்துப் படித்தான், பாவமாக இருந்தது என்றார். இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அவன் கைகொடுத்தானா, எழுந்து நின்றானா என்று விசாரித்தாள். "உனக்கு மார்க் போடற புத்தி போகாது" என்று உங்கப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது நிலைமை இதுதான். மாசக் கடைசிவரை அவர் போகிறார். மீசைக்காரர் ஒரு மரக் கிடங்கில் சொல்லி வைத்திருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை. என் வேலை இருக்கிறது, நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் பொய் சொல்வானேன். அவர் வயசுக்கு யார் புதிதாக எடுப்பார்கள், வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உடம்புக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று இரவும் பகலும் அதே நினைப்பு. அதைவிடப் பெரிய பயம் நீதான். உனக்குச் சொல்லக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், சொன்னால் படிப்பை விட்டுவிட்டு ஏதாவது வேலையில் உட்கார்ந்துவிடுவான் என்று. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன். நான் தெரிந்துகொண்ட மாதிரி நீயும் யாரோ ஒரு டிரைவர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டாம். கடைசி வருஷம், முடித்துவிட்டு வா. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அவரிடமே நேராகப் பேசு, ஆறுதல் மட்டும் சொல்லாதே, அவருக்குப் பிடிக்காது. நீ அறை மாறப் போவதாகச் சொன்னாயே, அந்தக் கனமான அலமாரியைப் படியில் எப்படி இறக்குவது என்று கேள். ஒரு மணி நேரம் சொல்வார், கேட்டுக்கொள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து பின்னால் நிற்கிறார். யாருக்கு என்றார். தெரிந்துதான் கேட்கிறார். நான் கையால் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று படித்தார், கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "எழுதிட்டே, சரி. பஸ்ல நான் அழுததை மட்டும் எழுதிடாதே" என்றார். அதனால் அதை நான் எழுதவில்லை.

நீ நோய் நொடி இல்லாமல், எடுத்த படிப்பை முடித்து, நிமிர்ந்து நிற்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. தங்கச்சிக்குத் தனியாக இரண்டு வரி எழுது, போட்டியைப் பற்றிக் கேட்காதே, அவளே சொல்வாள். இருமலுக்கு வெந்நீர் குடி.

உன் அம்மா