ஏசி பக்கத்துப் பென்சில் தேதிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே நன்றாகவே இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், அப்புறம் நான் எதைச் சொல்ல. சேதியைக் கேட்டுப் பதறாதே, கடைசிவரை படி.

வாஷிங் மெஷினை நீதான் கெடுத்தாய், ரிப்பேர் செய்து தர மாட்டேன் என்று உன் வீட்டுக்காரி சொல்கிறாள் என வருத்தப்பட்டாயே. உன் பக்கம் நியாயம் இருக்கும். ஆனால் நானும் ஒரு வீட்டுக்காரி, போன மாதம் நான் பண்ணிய கூத்தைக் கேட்டால் உனக்கு அவள்மேல் கோபம் கூடுமோ குறையுமோ தெரியவில்லை. மாடியில் குடியிருக்கிறாரே பஸ் டிரைவர், அவர் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். அவர்கள் படுக்கையறையில் மாட்டியிருக்கிற ஏசி நம்முடையது. அது கட்டில்மேலேயே சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட ஆரம்பித்தது, காற்றும் குளிரவில்லை. மனிதர் நாலு நாள் தூங்கவில்லை. தன்னை நம்பி ஏறிய ஒரு வண்டி ஆட்களைக் கொண்டுபோகிறவர் தூங்காமல் இருந்தால் எப்படி? மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றினார். மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா, பில்டர் கழுவி வருஷம் ஆயிருக்கும், காத்து போகாம உள்ள ஐஸ் கட்டி அது உருகிச் சொட்டுது என்றார். உள்ளே பார்த்தால் கம்பளி விரித்த மாதிரி தூசி.

அங்கேதான் பிடித்தது சனி. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறோம், ரிப்பேர் வந்தால் நாங்கள், பில்டர் கழுவுவது குடியிருப்பவர்கள். ஆனால் உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே, முப்பது வருஷம் லிப்ட் பராமரிப்பு பார்த்த கை, இன்னொருத்தர் மெஷினைத் தொட்டால் அவருக்கு உடம்பெல்லாம் கூசும். அவங்க கழுவினா கிழிச்சுடுவாங்க என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் வெளியே போகிற நாளாகப் பார்த்து, அவர்களே கொடுத்து வைத்திருக்கிற சாவியால் திறந்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தூசி தட்டிக் கழுவி மாட்டிவிட்டு வருவார். சார்தானே கழுவுவாரு, நாங்க எதுக்குக் கை வைக்கணும் என்று டிரைவர் கேட்டார், கேட்டதில் தப்பே இல்லை. அப்பாவோ எழுதினது எழுதினதுதான் என்று ஒரே பிடியாய் நின்றார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தின மாதம்கூட அவர் வாளியும் பிரஷுமாக மாடிக்குப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். கழுவின பில்டர் ஒரே மாதத்தில் இப்படி ஆகுமா? அப்போ இவர்கள்தான் ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, ஓசியில் வந்த பொருளென்றால் இப்படித்தான் பாழாக்குவீர்களா என்று அந்தப் பெண்ணிடம் வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு பேருமாக வந்து, மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மூன்று வருஷத்தில் எனக்கு ஒரு தலைவலி என்றால் முதலில் எட்டிப் பார்க்கிறவள் அவள்தான்.

சுவரில் ஈரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க நான் மேலே போனேன். ஏசி பக்கத்தில், சுவரில், பென்சிலால் பொடி எழுத்தில் வரிசையாகத் தேதிகள். லிப்டில் சோதனை முடித்ததும் அப்பா தேதி போடுகிற அதே பழக்கம். கடைசித் தேதி பதிமூன்று மாதத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு வெறும் சுவர். கீழே இறங்கும்போது படி திரும்புகிற இடத்து ஜன்னலில் நாலு பழைய பேப்பர் மடித்து வைத்திருந்தது, நாலிலும் குறுக்கெழுத்து முழுசாக நிரப்பியிருக்கிறது, அவர் கையெழுத்து. மனிதர் வாளியைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி ஏறி, அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுவிட்டு, கழுவியாச்சு என்று இறங்கி வந்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

சாயங்காலம் டீ கொடுத்துவிட்டு, தேதியைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வலது முட்டி மடங்க மாட்டேங்குது, பாதிக்கு மேல ஏற முடியல, ஸ்டூல்மேல நிக்கிறது எங்க என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னா நீ நம்ம பொண்ணுக்குச் சொல்வ, அவ வேலையை விட்டுட்டு மூட்டை கட்டிக்கிட்டு வந்துடுவா என்றார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அதுக்காக அடுத்தவங்களை வீட்டை விட்டு அனுப்புவீங்களா என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி, பாதியில் அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்தவர், இவரைப் பார்த்ததும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தப்பு என்னோடதுப்பா, நான் பதிமூணு மாசமா பில்டரைத் தொடவே இல்லை என்று அப்பா சொன்னது கீழே எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழுவிப் போட்டிருப்பேனே சார், இதுக்காகவா நான் வீடு தேடி அலைஞ்சேன் என்றார் அவர். நான் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே சிரித்துவிடவில்லை, என்னோடு பழையபடி பேச ஒரு வாரம் ஆயிற்று, அது எனக்கு வேண்டியதுதான்.

இப்போது அவர்கள் போகவில்லை. பில்டரை டிரைவர் கீழே கொண்டுவந்து கழுவுகிறார், அப்பா படியடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேய்க்காதே, தட்டு, தட்டு என்று கத்துகிறார். ஒப்பந்தத்தையும் புதுசாக எழுதினோம். மாதம் ஒருமுறை பில்டர் அவர்கள், வருஷ சர்வீஸும் ஏசிக்குக் கேஸ் நிரப்புவதும் ரிப்பேரும் நாங்கள். எழுதினது அந்தப் பெண்தான், முடியாதபோது முடியாது என்று சொல்வது வீட்டுக்காரர் பொறுப்பு என்று அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

டாக்டரிடமும் காட்டியாயிற்று. தேய்மானம்தான், ஆபரேஷன் இப்போது வேண்டாம், பயிற்சி செய்தால் போதும் என்றார். செய்கிறார், முனகிக்கொண்டே செய்கிறார். நீ சௌக்கியமாக இரு, குறையொன்றும் இல்லாமல் நீண்ட நாள் வாழ இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உனக்கு எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுது, ஆனா வர வேண்டாம்னு எழுது, இப்பதான் வேலையில காலூன்றியிருக்கா என்றார். எழுதிவிட்டேன். வர வேண்டாம் என்பது அவர் சொன்னது. நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும்
அம்மா