மாங்கண்டும் கீரைப்பாத்தியும்

அன்பு மனைவி றாஹிலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நான் நல்ல சுகம். உன்ட முட்டுக்கால் நோவு எப்படி?

வீட்டு வளவுக்குள்ள மாங்கண்டா, கீரையா வைக்கிறதெண்டு கேட்டிருந்தாய். மரஞ்செடியில என்ன மிஞ்ச இந்த நாட்டுலயே ஆளில்ல புள்ள! போன கிழமை பேரீச்ச மரத்தால விழுந்தன், மரத்துக்குத்தான் காயம். என்ட காலுக்குச் சும்மா ஒரு கட்டு. நான் இல்லாட்டித் தோட்டம் பட்டுப்போகுமெண்டு என்ட முதலாளி அறபி இந்த வருசமும் லீவு தரமாட்டானாம்.

மாங்கண்டு வை. மகள் றிப்னாவுக்குச் சீதனமாக் குடுக்கிற வளவுதானே, அவட புள்ளைகள் திங்கட்டும். ஓரமாப் பொன்னாங்கண்ணியும் போடு. எனக்கெண்டு கூட்டிப் போடாத, உங்க ரெண்டு பேருக்கும் காணுமான அளவு போடு.

கட்டு மாத்தக் கூப்பிடுறானுகள், முடிக்கிறன். துஆச் செய்.

முத்தலிப்