மார்கழியில் ஏற்றி வைத்த வேகம்

என் செல்லத் தறுதலை பாபுவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்க வேண்டியது வேறு. அந்தக் கம்ப்யூட்டரை என்னடா பண்ணி வைத்துவிட்டுப் போனாய்?

மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போன பிறகு, நீடாமங்கலத்தில் நம் வீடியோ கடையை நான் ஒருத்தியாகத்தான் திறக்கிறேன். படம் பிடிப்பது நீ, வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு டிவிடி ஆக்குவது நான் என்று இருந்ததில் இப்போது பாதிதான் மிச்சம். அந்தப் பாதியையும் உன் மிஷின் செய்யவிட மாட்டேன் என்கிறது. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று திரை கறுத்து, தானாக அணைந்து, தானாக எழுந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முழிக்கிறது.

திருக்கடையூரில் நீ கடைசியாகப் பிடித்த அறுபதாம் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? குடவாசல்காரர்கள். லீவு கிடைக்காமல் மஸ்கட்டிலேயே மாட்டிக்கொண்ட அவர்கள் மகன் முருகேசன் இப்போதுதான் வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை திரும்பவும் பிளேன். திங்களன்று கடை வாசலில் வந்து நின்றார். "அன்னிக்குத்தான் பக்கத்துல இல்ல. அப்பா அம்மாவோட உக்காந்து ஒரு தடவ பாத்துட்டாவது போறேங்க்கா" என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ஆட்டினால் ஆச்சா? ஒவ்வொரு முறையும் மாலை மாற்றும் இடத்துக்கு வந்ததும் அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். முதலில் என்ன இருக்கிறது? உன் குரல்தான். "அப்பா, கேமராவப் பாக்காதீங்க, அம்மாவப் பாருங்க." எத்தனை தடவை கேட்க வைத்தாய், பாவி.

வைரஸ் என்று நினைத்து விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். கரண்ட் கோளாறு என்றார் எலக்ட்ரீஷியன், யுபிஎஸ்ஸை மாற்றினேன். எலி ஒயரைக் கடித்திருக்கும் என்றார் பக்கத்துக் கடைக்காரர். எலியையும் தேடியாகிவிட்டது. கடைசியில் துபாயிலிருந்து உன் மச்சான் போனில் சிரிக்கிறார். "கம்ப்யூட்டருக்குள்ள போட நான் வாங்கியாந்த மெமரிய உன் தம்பி சும்மாவா வச்சிருப்பான்? ஸ்பீட ஏத்தி விட்டிருப்பான், சூடு தாங்காம நிக்குது, போய்ப் பாரு."

மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மிஷின் எழும்போதே டெலீட் பட்டனைத் தட்டி அதன் செட்டிங்ஸுக்குள் போனேன். மெமரியில் ஒட்டியிருந்த லேபிளில் ஒரு வேகம், நீ வைத்திருந்தது அதற்கும் மேலே. எப்போது வைத்தாய் என்றும் தெரியும். சில வருஷத்துக்கு முந்தின ஒரு மார்கழி. முகூர்த்தமே கிடையாது, ஈ ஓட்டிக்கொண்டு அதைத்தான் குடைந்துகொண்டிருப்பாய். நாள் பூரா ஓடியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று பெருமை வேறு. அந்தக் குளிரில் எதுதான் ஓடாது? வைகாசி வெயிலில் என்ன ஆகும் என்று யோசித்தாயா?

யோசித்திருக்கிறாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வருஷா வருஷம் வைகாசியில் மூடியைக் கழற்றிப் போட்டு, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பாயே! மிஷினுக்குக் காற்று, மனுஷிக்கு வேர்வையா என்று நான் கத்துவேன். நீ இளிப்பாய். ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? இந்த வருஷம் தூசி படுகிறதே என்று மூடியை மாட்டினேன், ஃபேனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்கு என்ன தெரியும்?

உள்ளே இருக்கிற வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றார் மச்சான். கழற்றவில்லை. நீ வைத்ததெல்லாம் மொத்தமாக அழிந்துபோகுமாம். மெமரி வேகத்தை மட்டும் லேபிளில் இருக்கிறபடி இறக்கினேன். மாற்றியதைச் சேமிக்கவா என்று அது கேட்டபோது நீ வைத்திருந்த எண்ணை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் அழுத்தினேன்.

மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. மாலை மாற்றி முடித்தார்கள். கடையில் யாரும் இல்லை, நன்றாக அழுதேன்.

எப்போதும் உன் குரலை வெட்டிவிட்டு நாதஸ்வரத்தைப் போடுவேன். இந்தத் தடவை உன் குரலை அப்படியே விட்டு டிவிடி ஆக்கிக் கொடுத்தேன். வியாழக்கிழமை முருகேசன் போன் செய்தார். "அந்தத் தம்பி சொன்னதும் எங்கப்பா இப்பவும் அம்மாவத் திரும்பிப் பாத்தாருங்க்கா" என்றார்.

மார்கழி வரட்டும். நீ வைத்த வேகத்தையே மறுபடி வைக்கிறேன். எவ்வளவு என்று மனதில் இருக்கிறது. வைகாசி வந்தால் டேபிள் ஃபேன் அதற்குத்தான். நான் வேர்த்துக்கொள்கிறேன்.

கோபம் இன்னும் தீராத,
உன் அக்கா