ஆரியசாலை மாடிவீட்டில் ஒரு வெளிநாட்டவள் இருக்கிறாள்

அனுப்புநர்:
செண்பகவல்லி ஆறுமுகசாமி (இலங்கைக் குடியுரிமை),
காலஞ்சென்ற ஆறுமுகசாமியின் மனைவி,
வற்றல், மல்லி மொத்தக் கடையின் மேல்மாடி,
ஆரியசாலை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
வெளிநாட்டினர் வசிப்புப் பதிவுப் பிரிவு,
திருவனந்தபுரம்.

பொருள்: வசிப்பு அனுமதி புதுப்பித்தல் மறுக்கப்பட்டது – முகவரி விசாரணை அறிக்கைகள் இரண்டும் உண்மைக்குப் புறம்பானவை – மறுவிசாரணை நடத்தவும், அதுவரை நாட்டை விட்டு வெளியேறும் உத்தரவை நிறுத்தி வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இம்மாத இறுதிக்குள் நான் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும் எனத் தங்கள் பிரிவிலிருந்து எனக்கு வந்த உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன். மலையாளம் பேசவும் படிக்கவும் எனக்கு வரும். மனதில் உள்ளதை எழுதும் அளவுக்கு வராது. இணையவழி விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் நிரப்பினேன். அதில் இதற்கெல்லாம் இடமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் அஞ்சு செய்துகொடுத்த மலையாள மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

1. நான் இலங்கை மாத்தளையில் பிறந்தவள். பேராதனையில் பொருளியல் படித்துப் பட்டம் பெற்றேன். என் தந்தை கராம்பும் மிளகும் வாங்கி இந்தியாவுக்கு அனுப்பும் வியாபாரம் செய்தார். அவரிடம் சரக்கு எடுத்த ஆரியசாலைக் குடும்பத்தின் ஒரே மகன் ஆறுமுகசாமிக்கு 2004-இல் என்னைத் திருமணம் செய்துகொடுத்தார்கள். அன்று முதல் இந்த மாடிவீட்டில்தான் வசிக்கிறேன். இந்தியக் குடிமகனின் மனைவி என்ற தகுதியில் எனக்கு வசிப்பு அனுமதி வழங்கப்பட்டு வந்தது. குடியுரிமை விண்ணப்பத்தை என் கணவர் எழுதத் தொடங்கி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தார். அடுத்த வருஷம் அவர் இல்லை. அவர் 2022-இல் மாரடைப்பால் காலமான பிறகு, இந்தியக் குடிமகனின் விதவை, இந்தியக் குடிமகளின் தாய் என்ற அடிப்படையில் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தேன். வீட்டில் நான், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், என் மாமியார் பகவதியம்மாள் ஆகிய மூவர் இருக்கிறோம்.

2. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, நான் இங்கே வசிக்கிறேனா என்று பார்த்துச் செல்வார். இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொத்த வியாபாரம் செய்யும் பழைய வீடுகளில், காக்கிச் சட்டையோடோ கையில் கோப்போடோ யார் வந்து எதைக் கேட்டாலும் முதல் பதில் ‘இல்லை’ என்பதுதான். முதலாளி இருக்கிறாரா? இல்லை. சரக்கு வந்ததா? இல்லை. விற்பனைவரிக்காரர்களைச் சமாளித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று என் கணவர் சொல்வார். இதை இங்கே யாரும் பொய் என்று நினைப்பதில்லை. கதவு திறக்கும் முன் தாழ்ப்பாள் சத்தம் போடுவதைப் போல அது. பிறகு வந்தவரை உட்காரச் சொல்வார்கள். காபி வரும். காபி பாதி குறைந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். முன்பு வந்த காவலர்கள் அனைவரும் இதை அறிந்தவர்கள். முதலில் சொல்லப்படும் ‘இல்லை’யை அவர்கள் காதில் வாங்கியதே கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

3. இந்த ஆண்டு ஜூலை மாதம் விசாரணைக்கு வந்தவர் புதியவர். நான் அப்போது மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை வாங்குவதற்காக மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் முதலில் எங்கள் படிக்கட்டின் அடியில் டீக்கடை வைத்திருக்கும் ஷாஜியிடம் கேட்டிருக்கிறார். இந்தச் சந்தில் வெளிநாட்டவர் யாராவது உண்டா என்பது கேள்வி. ஷாஜி என்னை அக்கா என்று அழைப்பவர். அவர் மனதில் வெளிநாட்டவர் என்றால் கோவளம் கடற்கரையில் வெயில் காயும் வெள்ளைக்காரர்கள். “ஃபாரினரா? இந்தச் சந்துலயா சாரே? மிளகாவத்தலும் மல்லியும் விட்டா இங்க வேற ஒண்ணும் இல்லை” என்று சொல்லிச் சிரித்ததாக அவரே என்னிடம் கூறினார். பிறகு அந்த அலுவலர் மாடிக்கு ஏறி வந்திருக்கிறார்.

4. என் மாமியாருக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. நன்றாகப் பேசுவார். இலங்கையிலிருந்து வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி இங்கே வசிக்கிறாளா என்று அலுவலர் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை, அருகில் நின்ற என் மகள் சொன்னபடியே தருகிறேன்: “அப்படி யாரும் இங்க இல்ல. என் மருமவ இருக்கா. அவ இந்த வீட்டுக்காரியாக்கும்.” என் மகள் இடையில் பேச முயன்றபோது, சின்னப் பிள்ளை பேச வேண்டாம் என்று பாட்டியே அடக்கியிருக்கிறார். பிறகு வழக்கம்போல் உட்காரச் சொல்லி, காபி போடச் சொன்னார். விசாரணைக்குப் போகும் வீடுகளில் ஒன்றும் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு அந்த அலுவலர் இறங்கிப் போய்விட்டார். அவர் நேர்மையானவர் என்றே நினைக்கிறேன். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அவருக்கு முந்தையவர்கள் காபி குடித்துத் தெரிந்துகொண்டது அவருடைய அறிக்கையில் இல்லாமல் போயிற்று. ‘குறிப்பிட்ட முகவரியில் வெளிநாட்டவர் எவரும் வசிக்கவில்லை எனக் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தினரும் தெரிவித்தனர்’ என்று அவர் எழுதினார்.

5. இந்தப் பத்தியை என் மகள் மலையாளத்தில் எழுத மறுத்துவிட்டாள். “இதெல்லாம் ஆபீசுல எதுக்கும்மா” என்றாள். ஆகவே அது தமிழில் மட்டும் இருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என் மாமியார் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சிலோன்காரி என்பார். குழம்பில் தேங்காய்ப்பால் அதிகமானாலும் சிலோன்காரி, நான் பேசுவதில் ஒரு சொல் வேறாக இருந்தாலும் சிலோன்காரி. மகனைப் பறிகொடுத்த பிறகு சில மாதங்கள் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க நான் பயந்தேன். அப்படிப்பட்டவர் ஓர் அரசு அலுவலர் முன்னால் என்னை இந்த வீட்டுக்காரி என்றார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மகள் சொன்னாள். அன்று மாலை முழுவதும் நான் வேறொன்றும் நினைக்கவில்லை. அந்த வாக்கியம் எங்கே போய் எழுதப்படும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

6. ஆகஸ்டில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நான் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, முந்தைய அனுமதிகள் அனைத்தையும் காட்டினேன். அவை சென்ற ஆண்டுவரை நான் இருந்ததற்குத்தான் சான்று, இப்போது இருப்பதற்கு விசாரணை அறிக்கையே சான்று என்று கவுண்டரில் விளக்கினார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். மின் இணைப்பு மாமியார் பெயரில், எரிவாயு கணவர் பெயரில், கடை வாடகைக்கு விடப்பட்ட ஒப்பந்தம் மாமியார் பெயரில் உள்ளன. இத்தனை ஆண்டுகளில் என் பெயரில் இந்த வீட்டில் எதையும் எழுத வேண்டிய தேவை வந்ததில்லை. மாமியாரே வந்து எழுதிக்கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார்கள். அவரிடம் சொன்னேன். “நான் வந்து சொல்லுதேன். சிலோன்காரிதான்னு நானே சொல்லுதேன்” என்றார். அடுத்த திங்கட்கிழமை ஆட்டோ வரச்சொல்லியிருந்தோம். ஞாயிறு காலை குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, கால் இரண்டும் செயலற்றுப் போயின. பேச்சும் போயிற்று.

7. நான் கொடுத்த வேண்டுகோளின்பேரில், செப்டம்பரில் ஒரு பெண் அலுவலர் வீட்டுக்கு வந்தார். இரக்கமுள்ளவர். படுக்கைக்கு அருகில் உட்கார்ந்து, சாட்சிக்கு என் முகம் தெரியாதிருக்க வேண்டும் என்பதால் என்னைச் சமையலறையில் நிற்கும்படி கேட்டுக்கொண்டார். அங்கிருந்து நான் எல்லாவற்றையும் கேட்டேன். இலங்கைக்காரியான செண்பகவல்லி உங்கள் மருமகளா என்றார். மாமியார் “இல்ல” என்றார். அவள் உங்களோடு வசிக்கிறாளா என்றார். “இல்ல.” என் மகள் தமிழில் திரும்பக் கேட்டாள். அதற்கும் “இல்ல.” நான் வெளியே வந்தபோது அந்தப் பெண் அலுவலர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதி முடித்தார். சாட்சி பலமுறை கேட்கப்பட்டும் திட்டவட்டமாக மறுத்தார் என்பது இரண்டாவது அறிக்கை.

8. ஐயா, பக்கவாதத்துக்குப் பிறகு என் மாமியாரிடம் எஞ்சியிருப்பது அந்த ஒரு சொல் மட்டுமே. மூளையில் பேச்சுக்குரிய பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்குச் சில வேளை ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று நரம்பியல் மருத்துவர் விளக்கினார். பெரும்பாலும் அவர்கள் அதிகம் சொல்லிப் பழகிய சொல்லாக இருக்கும் என்றார். அவருடைய சான்றிதழ் இரண்டாவது விசாரணைக்குப் பின்னரே கிடைத்தது; அன்று நான் வாய்வார்த்தையாகச் சொன்னதை அலுவலரால் பதிவு செய்ய இயலவில்லை. இப்போது இணைத்துள்ளேன். பசிக்கிறதா என்றால் ‘இல்ல’ என்பார். கஞ்சியைக் கரண்டியில் எடுத்தால் வாய் திறப்பார். வலிக்கிறதா என்றால் ‘இல்ல’ என்பார். கண்ணில் நீர் வழியும். புரட்டிப் படுக்கவைத்துத் துணி மாற்றும்போது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விடாமல், ‘இல்ல, இல்ல’ என்பார். என்ன சொல்ல வருகிறார் என்பது எனக்குத் தெரியும். அறிக்கையில் எழுதும் வகையில் அதைத் தெரிவிக்க எனக்கு வழியில்லை. தங்கள் அலுவலர் ஒருவர் வந்து, உங்கள் பெயர் பகவதியம்மாளா என்று அவரைக் கேட்டுப் பார்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கும் இல்லை என்றே சொல்வார். அதைக் கொண்டு, அவரும் இந்த முகவரியில் வசிக்கவில்லை என்று எழுத இயலாது அல்லவா?

9. நான் வெளியேறினால் என்ன ஆகும் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வெளியேறி, கொழும்பிலிருந்து புதிதாக விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆலோசனை சொன்னார்கள். அது எத்தனை மாதம், கிடைக்குமா கிடைக்காதா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. என் பெற்றோர் இறந்துவிட்டார்கள். மாத்தளை வீடு விற்கப்பட்டு வேறு யாரோ இருக்கிறார்கள். போய் இறங்கினால் எந்த முகவரி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அது என் பாடு. ஆனால் இங்கே, எழுந்திருக்க முடியாத ஒருவரும், பொதுத்தேர்வு எழுத வேண்டிய பதினேழு வயதுப் பெண்ணும் தனியாக இருப்பார்கள். வேறு ஆண் துணையோ உறவோ இந்த ஊரில் இல்லை. என் மகள் இப்போதே பாட்டியைப் புரட்டிப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் கற்றுக்கொடுக்கவில்லை. நான் துணி துவைக்கும் நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, தானாகப் பழகிப் பார்க்கிறாள். அதைக் கண்ட பிறகுதான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

10. ஆகவே, இரண்டு அறிக்கைகளையும் ஒதுக்கிவிட்டு, மருத்துவச் சான்றிதழின் அடிப்படையில் மறுவிசாரணைக்கு உத்தரவிடுமாறும், அது முடியும்வரை வெளியேறும் உத்தரவை நிறுத்தி வைக்குமாறும் வேண்டிக்கொள்கிறேன். வருகிறவர் முன்னறிவிப்பின்றி எந்த நாளிலும் எந்த வேளையிலும் வரலாம். கதவைத் திறப்பவள் நானாகத்தான் இருப்பேன். மருந்து வாங்கக்கூட நான் இப்போது வெளியே போவதில்லை. ஷாஜி வாங்கி வந்து தருகிறார். வருகிறவர் ஒன்றும் குடிக்க வேண்டாம். சற்று உட்கார்ந்தால் போதும்.

இனிமேல் தெருவிலும் தவறான பதில் வராது. நடந்ததைக் கேட்டதிலிருந்து ஷாஜிக்கு உறக்கமில்லை. டீ குடிக்க வரும் முன்பின் தெரியாதவர்களிடம்கூட, மாடியில் ஒரு வெளிநாட்டுக்காரி இருக்கிறாள், இலங்கைக்காரி, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவராகவே சொல்லிக்கொண்டிருக்கிறார். சுமை தூக்குபவர்களுக்கும், எதிர்க்கடைக்காரர்களுக்கும் அப்படியே சொல்லியிருக்கிறார். யாராவது வந்து கேட்டால் என் அம்மா இந்த நாட்டுக்காரி இல்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும் என்று என் மகளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். அவள் ஒருமுறை எனக்குச் சொல்லியும் காட்டினாள். இந்தத் தெருவில் என்னை அப்படி யாரும் நினைக்காதிருக்க வேண்டும் என்பதற்காகவே இருபத்தோரு ஆண்டுகள் வாழ்ந்தேன். இப்போது அனைவரும் அப்படியே சொல்கிறார்கள். தாங்களும் என்னை அவ்வாறே, இந்த முகவரியிலேயே, பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிவேட்டில் ஒரு வரி வேண்டி நிற்கும்,

(ஒப்பம்)
செண்பகவல்லி ஆறுமுகசாமி

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 10.11.2025

இணைப்புகள்:
1. பகவதியம்மாளின் பேச்சிழப்பு குறித்த நரம்பியல் மருத்துவரின் சான்றிதழ்
2. முந்தைய வசிப்பு அனுமதிகளின் நகல்கள்
3. கணவரின் இறப்புச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ்
4. டீக்கடை ஷாஜி, நான் இலங்கைக்காரி என உறுதி கூறி எழுதிக்கொடுத்த கடிதம்
5. இம்மனுவின் மலையாள மொழிபெயர்ப்பு (பத்தி 5 நீங்கலாக)