பெடலுக்குள் அதிரசம்

என்னங்க,

அவலூர்பேட்டைக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாதம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

“உன் மிக்சியாலதான் ஸ்டீல் கிட்டார்ல சத்தம் உட்டு உட்டு வருது” என்று ஒரு வாரமாகச் சண்டை போட்டீர்களே? இன்று நீங்கள் காலால் மிதிக்கிற வால்யூம் பெடலைக் கழற்றிவிட்டு, கிட்டார் ஒயரை நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகிப் பார்த்தேன். மிக்சி ஓடும்போதே சத்தம் கணீரென்று வந்தது. பெடலைத் திறந்தால் உள்ளே எறும்புப் பட்டாளம், அதிரசத் துகள்!

“பொழுது சாஞ்சா ஜைனன் வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது” என்று எனக்குப் பாடம் எடுப்பீர்கள். நீங்கள் பிராக்டீஸ் பண்ணுவதே விளக்கு வைத்த பிறகுதானே?

மருந்து கிருந்து அடித்துப் பாவத்தைத் தேடிக்கொள்ளாதீர்கள். நாளைக்குக் கச்சேரி தொடங்குவதற்குள் அதுகளே வெளியே வந்துவிடும்.

ராஜமதி

பி.கு.: பெடல் பக்கத்தில் ஒரு அதிரசம் வைத்திருக்கிறேன். அது எறும்புக்கு.