கடல் இல்லை, குடல்

அன்புள்ள லூர்துமேரிக்கு, சவரிமுத்து தன் கையாலேயே எழுதுவது. நீயும் ஆடுகளும் சுகமா?

போன கடிதத்தில் ‘கடலில் அடைப்பு’ என்று எழுதியதற்கு, “ஹைதராபாத்துல ஏதுங்க கடலு?” என்று போனில் அலறினாயே, அது குடல். இப்போதுதானே எழுத்துப் பழகுகிறேன், ‘கு’வுக்குப் பதில் ‘க’ போட்டுவிட்டேன்.

ஆபரேஷன்தான் என்று பயந்து போனேன். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஆபரேஷன் நக்கோ, வேணாம் தாத்தா! வெறும் மலச்சிக்கல். குடல் நெளிஞ்சு தள்ளணும்னா நாரும் தண்ணியும் வேணும். காய் தின்னுங்க” என்றார். போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குக் காவல் இருப்பவனிடம்!

தின்றேன். இன்று காலை எல்லாம் சுபம்.

பிரண்டைத் துவையல் எப்படி அரைப்பது? போனில் சொல்லாதே, எழுதி அனுப்பு. நானே படிப்பேன். துவையலுக்கு நாலு வரி போதும். மீதித் தாளையும் நிரப்பு.

காவலுக்கு நேரமாகிவிட்டது.

உன் சவரிமுத்து