பத்தாவது ஆள்

சிக்கல்
4.8.2023

அன்புள்ள மகள் கலைச்செல்விக்கு அய்யா எழுதுவது.

ஜெர்மனியில் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் போனை எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. கோபமும் உண்டு, நாலு வருடமாக ஊர்ப்பக்கம் வராதவளிடம் வேறென்ன இருக்கும்? ஆனால் இப்போது வாய் முழுக்கப் புண். பேச்சு எழவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் சித்தப்பா மகள் கவிப்ரியா இதைப் படமெடுத்து அனுப்புவாள்.

மார்பிலும் முதுகிலும் கொப்புளம். அக்கிதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். கூத்தையா வேளார் வந்து காவி குழைத்து மேலெல்லாம் அக்கி எழுதினார். முதுகில் சிங்கம்கூடப் போட்டார். மூன்று தடவை எழுதியும் வற்றவில்லை. துணி பட்டால் தோல் உரிந்து வருகிறது. உன் அம்மா வாழை இலை விரித்துப் போட, இருபது நாளாக உள்ளறையில் கிடக்கிறேன். என் கூட்டாளி சோணைமுத்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏலே பொன்னுச்சாமி, சடங்கான பிள்ள மாதிரி உள்ளயே கெடக்கியே, எப்ப தண்ணி ஊத்துறது?" என்கிறான். சிரித்தால் உதடு வெடிக்கிறது.

உன் அய்யா,
பொன்னுச்சாமி

5.8.2023

அன்புள்ள அய்யாவுக்கு,

கவிப்ரியா உங்கள் படங்களையும் அனுப்பினாள். அய்யா, இது அக்கி இல்லை. அக்கி ஒரு பக்கமாகப் பட்டை போல வரும். உங்களுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, வாயிலும் இருக்கிறது. பதினோரு வருடமாக நான் ஆராய்கிற நோயே இதுதான் என்று பயப்படுகிறேன். கிருமியை அடிக்க வேண்டிய ரத்தம், தோலை ஒட்டவைத்திருக்கும் பசையை அடிக்கிறது. விட்டால் உயிருக்கு ஆபத்து. மருந்து இருக்கிறது. நாளைக்கே மதுரைக்குப் போங்கள். கொப்புளத்தின் ஓரத்தில் பொட்டளவு தோல் எடுத்துப் பார்ப்பார்கள். இனிமேல் காவி பூச விடாதீர்கள்.

உங்கள் மகள்,
கலைச்செல்வி

சிக்கல்
9.8.2023

மகள் கலைச்செல்விக்கு,

நீ பெருமையாக அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். அகராதியை வைத்துக்கொண்டு, நாலு நாளில் முடித்தேன். வாயில்லாதவனுக்கு வேறு வேலை என்ன?

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் ரத்தம் வேண்டும் என்று நாலு வருடம் முன்பு நீ வந்தபோது, என்னையும் சேர்த்து பத்துப் பேரைக் கூட்டி வந்தது நான். "ஏலே, எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும், நீட்டுங்கடா கைய" என்று முதல் கை நீட்டியதும் நான். கட்டுரையில் எங்கள் ஊர் ஆட்கள் ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள். பத்தாவது ஆள் எங்கே?

பெயரைச் சொல், மதுரைக்குப் போகிறேன். அதுவரை இந்த அறையை விட்டு நகர மாட்டேன். "பெத்த பிள்ளகிட்டப் போயி பந்தயம் கட்டுறீகளே" என்று உன் அம்மா அழுகிறாள். அழட்டும்.

அய்யா

9.8.2023

அய்யா,

பெயரை வெளியிடக் கூடாது என்பது ஆராய்ச்சி விதி. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

பத்தாவது ஆள் நீங்கள். தோலை அடிக்கிற அந்தக் குணம் உங்கள் ரத்தத்தில் அப்போதே இருந்தது. ரத்தக் குழாய் மாறியிருக்கும் என்றார்கள் கூட வேலை செய்பவர்கள். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் கட்டுரை தள்ளிப்போகும். அதனால் உங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். அப்படி ரத்தம் இருந்தும் நோயே வராதவர்கள் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் சொல்லியிருந்தால் வாயில் முதல் புண் வந்ததுமே பிடித்திருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஊருக்கு வரவில்லை.

மதுரைக்குப் போங்கள், அய்யா.

கலைச்செல்வி

மதுரை
16.8.2023

டாக்டர் கலைச்செல்வி அவர்களுக்கு,

சொன்ன சொற்படி வந்துவிட்டேன். தோல் எடுத்துப் பார்த்தார்கள். நீங்கள் எழுதிய நோய்தான். மாத்திரை தொடங்கியாயிற்று. கட்டிலைச் சுற்றித் திரை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆக, இங்கேயும் அடைப்புதான்.

மிச்சத் தோலை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று தாள் நீட்டினார்கள். முடிவு நல்லதோ கெட்டதோ, முதலில் என்னிடம் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இதுலயெல்லாம் இப்படி எழுதக் கூடாது பெரியவரே" என்றாள் நர்ஸ் சுகந்தி. எழுதினால் எழுதியதுதான் என்று இன்னொரு தாளில் எழுதிக் காட்டாமல் விடுவேனா?

ஊருக்கு வருவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். வர வேண்டாம். நான் மன்னிக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். சொந்தக்காரர்கள் ரத்தத்திலும் இது இருக்கலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே போட்டிருக்கிறது. உன் ரத்தத்தைப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் இன்றைக்கே பார். என்ன வந்ததோ அதை மறைக்காமல் எழுது. அது வரும்வரை உன்னிடமிருந்து வேறு எதையும் நான் வாங்கிப் படிக்க மாட்டேன்.

பொன்னுச்சாமி